துணையோடு ஒரே வீட்டில் குடியேறினால் பெனிபிட் என்னாகும்? பிரிட்டனில் தனியே பிள்ளை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தனியே பிள்ளை வளர்க்கும் ஒருவர் புதிய துணையோடு வாழத் தொடங்கினால், அவருக்கு வரும் உதவித்தொகைகளில் சில உடனே மாறும், சில கொஞ்சமும் மாறாது. எது மாறும் என்று தெரியாமல் குடியேறிவிட்டு, ஒரு வருடம் கழித்து ஆயிரக்கணக்கான பவுண் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த பிறகு ஆலோசனை தேடுவதைவிட, வீட்டுச் சாமானைக் கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது எவ்வளவோ மேல். கீழே உள்ள தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகைகள் மாறும். கணக்குப் போடும் முறை அநேகமாக அப்படியே இருக்கும். கேள்விகள் பெரும்பாலும் தாய்மாருடையவை என்பதால் அப்படியே எழுதியிருக்கிறோம். தனியே பிள்ளை வளர்க்கும் தந்தைக்கும் இதே விதிகள்தான்.

அவர் வாரத்தில் மூன்று இரவுதான் தங்குகிறார். மூன்று இரவு வரை பிரச்சினை இல்லை என்கிறார்களே?

அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டு இரவு, மூன்று இரவு, நான்கு இரவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். எதையும் நம்பி இருக்க வேண்டாம். வேலை, ஓய்வூதியத் திணைக்களம், அதாவது எல்லோரும் டி.டபிள்யூ.பி. என்று சொல்லும் திணைக்களம், இரவுகளை மட்டும் எண்ணுவதில்லை. நீங்கள் இருவரும் ஒரே குடித்தனமாக, கணவன் மனைவி போல வாழ்கிறீர்களா என்றே பார்க்கிறது.

அதற்கு ஆறு விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே வீட்டில்தான் இருவரும் வாழ்கிறீர்களா, உறவு நிலையானதா, பணத்தைப் பகிர்ந்துகொள்கிறீர்களா, உடலுறவு உண்டா, பிள்ளைகளைச் சேர்ந்து வளர்க்கிறீர்களா, ஊர் உலகத்துக்கு நீங்கள் ஜோடி என்று தெரியுமா. உடலுறவைப் பற்றி நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதிகாரிகளும் அதைத் துருவிக் கேட்கக்கூடாது. ஆறில் ஒன்று இருக்கிறது அல்லது இல்லை என்பதால் மட்டும் முடிவு வருவதில்லை. மொத்தமாகப் பார்த்தே தீர்மானிப்பார்கள்.

நடைமுறையில் இரண்டு கேள்விகள் தெளிவு தரும். அவருக்கு வேறு இடத்தில் உண்மையான குடித்தனம் இருக்கிறதா? அதாவது அவர் வாடகை கட்டி, உடுப்பு வைத்து, சமைத்துச் சாப்பிடும் இடம் ஒன்று. நாளைக்கு அவர் உங்கள் வீட்டுக்கு வராமல் விட்டால் உங்கள் வீட்டுச் செலவு தடுமாறுமா? முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்' என்றால், அவர் எத்தனை இரவு தங்கினாலும் நீங்கள் அறிவிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். தபால் மட்டும் அண்ணன் வீட்டு முகவரிக்குப் போவது வேறு குடித்தனம் ஆகாது.

கொஞ்ச நாள் சேர்ந்து இருந்து பார்த்துவிட்டுச் சொல்லலாமா?

இதற்கென்று சலுகைக் காலம் எதுவும் கிடையாது. விடுமுறைக்கு இரண்டு வாரம் வந்து தங்குகிறவர் விருந்தாளி. தன் வீட்டைக் கைவிட்டுச் சாமானோடு வந்தவர் முதல் நாளிலிருந்தே குடித்தனக்காரர். 'சரிவருமா என்று பார்க்கிறோம்' என்ற உங்கள் எண்ணம் நேர்மையானதுதான், ஆனால் விதி அதற்கு இடம் தரவில்லை. உண்மையிலேயே சோதித்துப் பார்க்க விரும்பினால், அவர் தன் வாடகை வீட்டை விடாமல் இருப்பதே வழி.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. சட்டப்படி நான் இன்னும் தனி ஆள்தானே?

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டைப் பொறுத்தவரை பதிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாலி கட்டினாலும் கட்டாவிட்டாலும், பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒரே குடித்தனமாக வாழ்ந்தால் நீங்கள் ஜோடி. சபை கூட்டிச் செய்த திருமணம், ஊருக்குத் தெரிந்த உறவு என்பதற்கே சாட்சியாகும்.

கணவர் இன்னும் ஊரில் இருக்கிறார், விசாவுக்குக் காத்திருக்கிறோம். இப்போதே சொல்ல வேண்டுமா?

இருவரும் ஒரே வீட்டில் ஒருபோதும் குடித்தனம் நடத்தவில்லை என்றால் இப்போதைக்கு உங்கள் கணக்குத் தனி ஆளாகத் தொடரும். ஆனால் திருமணமான விவரத்தை மறைக்காமல் இணையக் கணக்கின் ஜேர்னலில், அதாவது செய்தி எழுதும் பகுதியில், எழுதி வைப்பது நல்லது. அவர் வந்து உங்கள் வீட்டில் குடியேறும் நாளே மாற்றம் நடந்த நாள். ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்துவிட்டு, அவர் தற்காலிகமாக வெளிநாடு போயிருந்தால் கதை வேறு. பிரிவு ஆறு மாதத்தைத் தாண்டாது என்று எதிர்பார்க்கும் வரை உங்களை ஜோடியாகவே கருதுவார்கள்.

எப்போது, எப்படி அறிவிப்பது?

குடியேறிய நாளிலேயே, இணையக் கணக்கில் மாற்றத்தை அறிவிக்கும் பகுதியில். வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டரில் வாயால் சொன்னது போதும் என்று இருந்துவிடாதீர்கள். வாயால் சொன்னாலும், 'இன்ன தேதியில் இதைச் சொன்னேன்' என்று ஜேர்னலில் ஒரு வரி எழுதுங்கள். பின்னாளில் உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான். எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவித்ததும் உங்கள் தனி விண்ணப்பம் கூட்டு விண்ணப்பமாக மாறும். உங்களுக்கு ஓர் இணைப்புக் குறியீடு தருவார்கள். அவருக்கு யூனிவர்சல் கிரெடிட் இல்லாவிட்டால், அவர் தனக்கென்று ஒரு கணக்குத் திறந்து அந்தக் குறியீட்டைப் போட வேண்டும். அவருடைய தேசியக் காப்புறுதி எண், வங்கி விவரம், சம்பளம், சேமிப்பு, அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். இருவரும் தனித்தனியாகத் தங்கள் பொறுப்புகளுக்கான உடன்படிக்கையை ஏற்க வேண்டும்.

பலருக்கும் பணம் நிற்பது இந்த இடத்தில்தான். நீங்கள் உங்கள் பங்கை முடித்திருப்பீர்கள். அவர் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டிருப்பார். இருவரில் ஒருவர் முடிக்காவிட்டாலும் இருவருக்கும் பணம் வராது. அதனால் இணைப்பு வேலையை ஒரே மாலையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பணம் வந்துகொண்டிருந்தால், ஜோடியானதால் மட்டும் மறுபடி ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மாதச் சுற்றே தொடரும்.

இன்னொன்று. கணக்கு மாதச் சுற்றாக நடப்பதால், சுற்றின் கடைசி நாளில் குடியேறினாலும் அந்தச் சுற்று முழுவதும் ஜோடியாகவே கணக்கிடுவார்கள். உங்கள் சுற்று 12ஆம் தேதி தொடங்கி 11ஆம் தேதி முடிகிறது என்று வையுங்கள். 10ஆம் தேதி குடியேறினால் ஒரு மாதம் முழுவதும் மாறிவிடும். 12ஆம் தேதி குடியேறினால் அந்த மாதம் தப்பும். குடியேறும் நாளைத் தள்ளிவைப்பது உங்கள் உரிமை. குடியேறிவிட்டுத் தேதியை மாற்றிச் சொல்வது குற்றம்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கட்டணம் இல்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு குறையும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 வயதுத் தாய், 2018இல் பிறந்த ஒரு பிள்ளை, லண்டனுக்கு வெளியே 900 பவுண் வாடகை. அந்த வாடகை முழுவதும் வாடகை உதவிக்கான உள்ளூர் வரம்புக்குள் இருக்கிறது. கையில் வரும் சம்பளம் மாதம் 900 பவுண்.

தனியாக இருக்கும்போது அடிப்படைத் தொகை 400.14, பிள்ளைக்கு 292.81, வாடகைக்கு 900. மொத்தம் 1,592.95 பவுண். பிள்ளை இருப்பதால், வாடகை உதவியும் பெறுவதால், சம்பளத்தில் முதல் 411 பவுணைக் கணக்கில் எடுப்பதில்லை. மீதி 489இல் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள்; அது 268.95. ஆக யூனிவர்சல் கிரெடிட் 1,324 பவுண்.

இப்போது மாதம் 1,900 பவுண் கையில் வாங்கும் துணைவர் குடியேறுகிறார். அடிப்படைத் தொகை ஜோடிக்கு 628.10 ஆகிறது. மொத்தம் 1,820.91. ஆனால் இருவர் சம்பளமும் சேர்ந்து 2,800. கழிவில்லாமல் விடும் 411 பவுண் ஆளுக்கொன்று இல்லை, குடும்பத்துக்கே ஒன்றுதான். மீதி 2,389இல் 55 சதவீதம் 1,313.95. கிடைப்பது 506.96 பவுண்.

உதவித்தொகையில் 817 பவுண் குறைந்துவிட்டது. வீட்டுக்குள் புதிதாக 1,900 பவுண் வருகிறதே என்று காகிதத்தில் பார்த்தால் லாபம்தான். ஆனால் அந்த 817 உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. 1,900 அவருடைய வங்கிக் கணக்கில் இருக்கிறது. சட்டம் அவரையும் பிள்ளையைச் சேர்ந்து தாங்குகிறவராகக் கருதுகிறது. அவர் அப்படிக் கருதுகிறாரா என்பதுதான் குடியேறுவதற்கு முன் இருவரும் பேச வேண்டிய விஷயம். வாடகையில் யார் எவ்வளவு, பிள்ளையின் செலவு யாருடையது, எந்தத் தேதியில் யார் கணக்குக்குப் பணம் போடுவது என்று எண்களோடு பேசுங்கள். பேசக் கூச்சப்பட்டு விட்டால், மூன்றாம் மாதம் பிள்ளையின் சப்பாத்துக்குக் காசு கேட்டு நிற்பது நீங்கள்தான்.

இந்தக் குடும்பத்துக்கு இருவர் சம்பளமும் சேர்ந்து ஏறத்தாழ 3,722 பவுணைத் தொட்டால் யூனிவர்சல் கிரெடிட் பூச்சியமாகும். உங்கள் வாடகையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வேறு என்பதால், டர்ன்டுஅஸ் (Turn2us) அல்லது என்டைட்டில்டுடு (entitledto) இணையக் கணிப்பானில் இரண்டு தடவை, தனியாகவும் ஜோடியாகவும், போட்டுப் பாருங்கள்.

அவருக்கு வேலை இல்லை என்றால்?

அப்போது கூடும். மேலே சொன்ன தாய்க்கு 1,551.96 கிடைக்கும், 227.96 பவுண் அதிகம். ஆனால் இரண்டு பெரியவர்கள் அதில் சாப்பிட வேண்டும். தொகை கூடும் மாற்றத்தைப் பிந்தி அறிவித்தால், கடந்த மாதங்களுக்கு அநேகமாகத் தரமாட்டார்கள். குறையும் மாற்றத்தைப் பிந்தி அறிவித்தால், கடந்த மாதங்கள் எல்லாவற்றுக்கும் திருப்பிக் கேட்பார்கள்.

ஒரு குடும்பம் பெறக்கூடிய மொத்த உதவித்தொகைக்கான உச்சவரம்பையும் பாருங்கள். லண்டனுக்கு வெளியே மாதம் 1,835 பவுண், லண்டனில் 2,110.25 பவுண். தனியே பிள்ளை வளர்ப்பவருக்கும் ஜோடிக்கும் ஒரே வரம்புதான். ஆள் கூடியதற்காக வரம்பு கூடாது. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 846 பவுணைத் தாண்டினால் இந்த வரம்பு உங்களைத் தொடாது.

டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து மாற்றியபோது எனக்குக் கூடுதல் தொகை ஒன்று தந்தார்கள். அது நிற்குமா?

நின்றுவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறோம். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு முன்பிருந்த உதவித்தொகையான டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து கடிதம் அனுப்பி மாற்றப்பட்டவர்களுக்கு, வருமானம் திடீரென்று குறையாதிருக்க ஓர் இடைக்காலப் பாதுகாப்புத் தொகை சேர்க்கப்பட்டது. தனி ஆள் ஜோடியானால் அது முற்றாகப் போய்விடும். பிறகு பிரிந்தாலும் திரும்பி வராது. உங்கள் மாதக் கூற்றில் அப்படி ஒரு வரி இருக்கிறதா, எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சிலருக்கு அது மாதம் சில நூறு பவுண். மாற்றும்போது 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தும் அனுமதித்திருந்தால் அந்தச் சலுகையும் அன்றோடு முடியும்.

அவருடைய சேமிப்பு என் கணக்கைப் பாதிக்குமா? ஊரில் அவருக்குக் காணி இருக்கிறது.

பாதிக்கும். இருவர் சேமிப்பும் சேர்த்து 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை. ஜோடி என்பதற்காக இந்த வரம்பு இரட்டிப்பாகாது. 6,000 வரை எதுவும் செய்ய மாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும், அதன் பகுதிக்கும், மாதம் 4.35 பவுண் வருமானம் வருவதாக வைத்துக் கழிப்பார்கள். இருவருக்குமாகச் சேர்ந்து 10,000 பவுண் இருந்தால் மாதம் 69.60 குறையும்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் காணி, வீடு, வங்கி வைப்பு எல்லாம் இதில் சேரும். வெளிநாட்டில் இருப்பதால் சொல்லத் தேவையில்லை என்பது தவறு. காணியின் சந்தை விலையில் விற்கும் செலவுக்காகப் பத்து சதவீதத்தையும், அதன்மேல் உள்ள அடமானக் கடனையும் கழித்து மதிப்பிடுவார்கள். கூட்டு உரித்து என்றால் அவருடைய பங்குதான் கணக்கு. சீட்டு எடுத்த பணம் வங்கியில் கிடந்தால் அதுவும் சேமிப்பே. அணியும் தங்கநகை சொந்தப் பாவனைப் பொருள், கணக்கில் வராது. ஆனால் சேமிப்பைக் குறைத்துக் காட்டவே நகை வாங்கினாலோ, காணியை உறவினர் பெயருக்கு எழுதினாலோ, அந்தப் பணம் இன்னும் கையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அவருடைய விசாவில் பொது நிதி, அதாவது அரசு உதவித்தொகை, பெறக்கூடாது என்று இருக்கிறது. நான் அறிவித்தால் அவருடைய விசாவுக்கு ஆபத்தா?

யூனிவர்சல் கிரெடிட்டில் இதற்கென்று தனி விதி இருக்கிறது. நீங்கள் ஜோடியாக வாழ்வதை அறிவிக்க வேண்டும். ஆனால் தனி ஆளுக்குரிய அடிப்படைத் தொகையான 400.14தான் தருவார்கள். அவருக்கென்று எதுவும் சேராததால் அவர் பொது நிதி பெற்றதாக ஆகாது. ஆனால் அவருடைய சம்பளமும் சேமிப்பும் முழுதாகக் கணக்கில் வரும். மேலே போட்ட கணக்கில் 1,900 பவுண் வாங்கும் துணைவர் இந்த விசாவில் இருந்தால், கிடைப்பது 279 பவுண் மட்டும்.

கவனம் வேண்டிய இடம் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம். அது வீட்டுக்கு விதிக்கும் வரியான கவுன்சில் டாக்ஸைக் குறைக்கும் திட்டம் பொது நிதி. அதில் அவரைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ப்பதற்கு முன் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வாடகை உதவி என்னாகும்?

துணைவர் வந்ததற்காக அறைக் கணக்கு மாறாது. ஜோடிக்கு ஓர் அறை. அவருடைய பிள்ளைகளும் நிரந்தரமாக வந்தால் கூடுதல் அறைக்கு உரிமை வரலாம். வார இறுதியில் மட்டும் வந்து போகும் பிள்ளைகளுக்கு வராது. அவருடைய 21 வயது தாண்டிய மகனோ மகளோ கூட வந்தால், அவருக்காக மாதம் 93.02 பவுண் கழிக்கலாம்.

வீட்டு உரிமையாளருக்கும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் யார் குடியிருக்கலாம் என்று எழுதியிருக்கும். கவுன்சில் வீடு என்றாலும் அப்படியே. ஒப்பந்தத்தை இருவர் பெயருக்கும் மாற்றச் சொல்லி அவர் கேட்டால் அவசரப்படாதீர்கள். கூட்டு ஒப்பந்தமானால், பிரியும்போது அவர் ஒருவரே அறிவித்தல் கொடுத்து முழு ஒப்பந்தத்தையும் முடித்துவிட முடியும் நிலைகள் உண்டு. பிள்ளைகளோடு நீங்கள் தெருவில் நிற்கும் அபாயம் அது. ஷெல்டர் போன்ற வீட்டுரிமை அமைப்பிடம் கேட்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.

நீங்கள் அவருடைய சொந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், அவருக்கு வாடகை கொடுப்பதாகச் சொல்லி வாடகை உதவி பெற முடியாது. அதற்குப் பதிலாக, சம்பளத்தில் கழிவில்லாமல் விடும் தொகை 411இலிருந்து 684ஆகக் கூடும்.

கவுன்சில் டாக்ஸ்?

தனி ஆளுக்கான 25 சதவீதத் தள்ளுபடி அவர் குடியேறிய நாளோடு முடியும். 21 நாளுக்குள் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். விட்டால் இங்கிலாந்தில் 70 பவுண் தண்டம் போடலாம். அவர் முழுநேர மாணவர் என்றால் அவரை எண்ண மாட்டார்கள், தள்ளுபடி தொடரும். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு அறிவித்ததால் கவுன்சிலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இருக்காதீர்கள். தனியாகச் சொல்லுங்கள்.

சைல்ட் பெனிபிட் நிற்குமா?

நிற்காது. மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05, மற்றவர்களுக்கு 17.25 பவுண் தொடர்ந்து வரும். இருவரும் தத்தம் பிள்ளைகளோடு சேர்ந்தால், வீட்டில் எல்லோரிலும் மூத்த ஒரு பிள்ளைக்கு மட்டுமே கூடிய தொகை.

ஆனால் உங்களில் ஒருவருடைய வருட வருமானம் 60,000 பவுணைத் தாண்டினால் வரி வழியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். மேலதிகமான ஒவ்வொரு 200 பவுணுக்கும் ஒரு சதவீதம். 80,000இல் முழுதும் போய்விடும். துணைவர் 70,000 உழைத்தால், இரண்டு பிள்ளைக்கு வருடம் வரும் 2,251.60இல் பாதியை அவர் கட்ட வேண்டும், பிள்ளைகள் அவருடையவர்களாக இல்லாவிட்டாலும். வருட நடுவில் சேர்ந்தால் சேர்ந்து வாழ்ந்த வாரங்களுக்கு மட்டும். முழுதும் போகும் நிலை என்றாலும் விண்ணப்பத்தை மூடாமல் பணத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வரை, வேலைக்குப் போகாத தாயின் அரச ஓய்வூதியக் கணக்கில் வருடங்கள் சேர்வது அந்த விண்ணப்பத்தால்தான்.

பிள்ளையின் தந்தை தரும் பராமரிப்புப் பணம்?

தொடரும். நீங்கள் யாரோடு வாழ்ந்தாலும் தந்தையின் கடமை குறையாது. புதிய துணைவரின் சம்பளத்தையும் பார்க்க மாட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட்டும் அந்தப் பணத்தை வருமானமாக எண்ணுவதில்லை. 'இன்னொருவன் வந்துவிட்டானே' என்று அவர் நிறுத்தினால், பராமரிப்புப் பணத்தைக் கணக்கிட்டு வாங்கித் தரும் அரசுச் சேவையான சைல்ட் மெயின்டனன்ஸ் சேர்விஸிடம் போகலாம்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் துணைவர் தன் முந்தைய பிள்ளைகளுக்கு அந்தச் சேவை மூலம் கட்டுகிறார் என்றால், இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவருடைய வருமானத்தைக் குறைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு 11, இரண்டுக்கு 14, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 16 சதவீதம். அவர் கட்டும் பணம் உங்கள் கூட்டு யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் கழிக்கப்படுவதில்லை என்பதையும் குடும்ப வரவு செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்சரிச் செலவு?

யூனிவர்சல் கிரெடிட் நேர்சரிச் செலவில் 85 சதவீதம் வரை தரும். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88, இரண்டும் அதற்கு மேலும் என்றால் 1,768.94 பவுண் வரை. தனியாக இருந்தபோது நீங்கள் வேலை செய்தால் போதும். ஜோடியானால் இருவரும் வேலை செய்ய வேண்டும். வேலை இல்லாத துணைவர் வீட்டில் இருந்தால் 'அவரே பார்த்துக்கொள்ளலாமே' என்று இந்த உதவி நின்றுவிடும். நோயால் வேலை செய்ய முடியாதவர், கடும் ஊனமுள்ள ஒருவரைப் பராமரிப்பவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

இங்கிலாந்தில் உழைக்கும் பெற்றோருக்குத் தரும் வாரம் 30 மணி நேர இலவச இடத்துக்கும் இதே தருக்கம். இருவரும் குறைந்தது வாரம் 195 பவுண் அளவுக்கு உழைக்க வேண்டும். ஒருவரும் வருடம் 100,000ஐத் தாண்டக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை விவரங்களை உறுதிசெய்யும்போது துணைவரையும் சேர்க்க வேண்டும்.

என் ஊனமுற்ற பிள்ளையின் டி.எல்.ஏ.? கணவர் இறந்த பிறகு வரும் பணம்?

ஊனமுற்ற பிள்ளைகளுக்கான உதவித்தொகையான டி.எல்.ஏ., பெரியவர்களுக்கான பிப் இரண்டும் குடும்ப வருமானத்தைப் பார்ப்பவை அல்ல, மாறாது. 2017 ஏப்ரல் 6க்குப் பிறகு துணையை இழந்தவருக்கு வரும் பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட், புதிய துணையோடு வாழ்ந்தாலும் தொடரும். அதற்கு முந்தைய விடோட் பேரன்ட்ஸ் அலவன்ஸ் அப்படி இல்லை. சேர்ந்து வாழும் காலத்தில் நிறுத்தி வைப்பார்கள். மறுமணம் செய்தால் நிரந்தரமாக முடியும்.

வேலை தேடும் நிபந்தனைகள் மாறுமா?

மாறும். இருவரில் ஒருவரைப் பிள்ளையின் முதன்மைப் பராமரிப்பாளராகக் குறிக்க வேண்டும். பிள்ளையின் வயதுக்கேற்ற தளர்வு அவருக்கு மட்டும். பிள்ளை 3 முதல் 12 வயது என்றால் வாரம் 30 மணி நேரம் வரை எதிர்பார்ப்பார்கள். மற்றவரிடம் 35 மணி நேரம்.

பணம் யார் கணக்குக்கு வரும்? அவருக்குப் பழைய கடன்கள் இருக்கின்றன.

ஒரே கணக்குக்கு வரும். எது என்று நீங்கள் இருவரும் குறிக்கலாம். பிள்ளையைப் பார்ப்பவரின் கணக்கைக் குறிப்பதே எங்கள் பரிந்துரை. அவர் பணத்தைத் தராமல் வைத்துக்கொண்டாலோ வன்முறை இருந்தாலோ, தொகையைப் பிரித்து இருவருக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

அவர் முன்பு வாங்கிய முற்பணம், அவர்மீதுள்ள பழைய பெனிபிட் கடன் எல்லாம் இனிக் கூட்டுத் தொகையிலிருந்து பிடிக்கப்படும். 2025 ஏப்ரல் முடிவிலிருந்து, பெரும்பாலான கடன் பிடிப்புகளுக்கு அடிப்படைத் தொகையில் 15 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. ஜோடிக்கு 628.10 என்றால் ஏறத்தாழ 94 பவுண். குடியேறுவதற்கு முன்பே கடன் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஏற்கெனவே எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்துவிட்டேன், சொல்லவில்லை. இப்போது என்ன செய்வது?

இன்று சொல்லுங்கள். நீங்களாகச் சொல்வதற்கும் அவர்கள் கண்டுபிடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வங்கிக் கூற்று, சாரதி அனுமதிப்பத்திரத்து முகவரி, கடன் தரவு நிறுவனங்களின் பதிவு, அவருடைய வேலையிடத்துப் பதிவு, பாடசாலைப் படிவம், சமூக ஊடகப் படம் என்று அவர்களுக்கு வழிகள் பல.

கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கவனக்குறைவுக்கு 50 பவுண் தண்டம் சேரலாம். மோசடி என்று கருதினால், வழக்குக்குப் பதிலாகக் கடனில் பாதியளவு தண்டம் போடலாம். குறைந்தது 350, கூடியது 5,000 பவுண். கடன் தொகை சொல்லும் கடிதம் வந்ததும், ஜோடியாக விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் தொகையை அதிலிருந்து கழித்தார்களா என்று எழுதிக் கேளுங்கள். இந்தக் கேள்வியால் கடன் வெகுவாகக் குறையலாம். எச்சரிக்கை கொடுத்து நடத்தும் விசாரணைக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள், முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பயத்தில் 'ஆம், ஆரம்பத்திலிருந்தே இருந்தார்' என்று ஒப்புக்கொண்டு, உண்மையைவிட இரண்டு வருடம் கூடுதலாகக் கடன் சுமப்பவர்கள் உண்டு. குடியேறிய உண்மைத் தேதியை ஆதாரத்தோடு முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஜோடி இல்லை, ஆனால் ஜோடி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

முடிவுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் தோற்றால், அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. ஏற்கெனவே உங்களுக்கு வந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்தினால், நீங்கள் ஜோடி என்று காட்டும் பொறுப்பு டி.டபிள்யூ.பி.யுடையது. ஆனாலும் அவருடைய வாடகை ஒப்பந்தம், அவர் கட்டிய மின்கட்டணம், கவுன்சில் டாக்ஸ் பில், தனித்தனி வங்கிக் கூற்று ஆகியவற்றைச் சேருங்கள். வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தவர் என்றால் ஒப்பந்தமும் மாதாமாதம் பணம் வந்த பதிவும் வேண்டும். பொது ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், தனியே பிள்ளை வளர்ப்பவர்களுக்கான ஜிஞ்சர்பிரெட் ஆகிய அமைப்புகள் இலவசமாக உதவும்.

சரிவரவில்லை, பிரிந்துவிட்டோம். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமா?

கூட்டு விண்ணப்பம் நடப்பில் இருந்தால் வேண்டாம். கணக்கில் பிரிந்த தேதியை அறிவியுங்கள். அது உங்கள் தனி விண்ணப்பமாக மாறும், புதிய ஐந்து வாரக் காத்திருப்பு இல்லை. அவருடைய சம்பளத்தால் யூனிவர்சல் கிரெடிட் முன்பே பூச்சியமாகி நின்றிருந்தால் பழைய கணக்கு வழியாக உடனே மறுபடி விண்ணப்பியுங்கள். பிந்திய நாட்களுக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். அவர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார், வெளியேற இடம் தேடுகிறார் என்றாலும் அறிவிக்கலாம். தனித்தனியாகச் சமைப்பது, தூங்குவது, பணம் புழங்குவது என்று குடித்தனம் பிரிந்ததைக் காட்ட வேண்டும். வன்முறையால் பிரிந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வேலை தேடும் நிபந்தனைகளைப் பல வாரங்களுக்கு நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. புதிய முகவரி அவர் கண்ணில் படாமல் காக்கச் சொல்லியும் கேட்கலாம். அன்றைக்கே வங்கி விவரத்தை உங்கள் தனிக் கணக்குக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு கவுன்சிலுக்குச் சொல்லி 25 சதவீதத் தள்ளுபடியைத் திரும்பப் பெறுங்கள்.